படிவத்தின் மூன்றாவது வரி

சித்தியின் விசா படிவத்தை நான்தான் நிரப்பினேன். 2006-இல், சிதம்பரம் ரயிலடிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த அவருடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கறுப்பு மைப் பேனாவால், பெரிய ஆங்கில எழுத்துகளில். கட்டத்துக்கு ஓர் எழுத்து. அப்போது கடலூரில் ஒரு நாளிதழின் நிருபராக இருந்தேன். அதற்கு முன் எட்டு ஆண்டுகள் டெஸ்கில் உட்கார்ந்து பிறர் எழுதியதைத் திருத்தியவன். பிழையில்லாமல் எழுதுவான் என்று குடும்பத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. கல்யாணப் பத்திரிகை, வங்கி விண்ணப்பம், கருமாதிக் கடிதம் எல்லாம் என்னிடம்தான் வரும்.

சித்தப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சித்தியின் மகள், என் தங்கச்சி, மெல்பர்னில் இருந்தாள். பிரசவத்துக்குக் கூட இருக்க சித்தியை அழைத்திருந்தாள். மூன்று மாதத்துக்கான விசிட்டர் விசா. சிதம்பரத்து விசா ஏஜெண்ட் போனில் எனக்குச் சொன்னது ஒன்றுதான்.

“திரும்பி வருவாங்கன்னு அவன் நம்பணும் சார். சொந்த வீடு, டெபாசிட்டு, இங்க இருக்கிற பசங்க, எதையும் உட்றாதீங்க.”

பிள்ளைகள் விவரம் கேட்கும் பக்கத்தில் முதல் வரியில் அண்ணனை எழுதினேன். சித்தியின் மூத்த மகன். பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் வேலை. இரண்டாவது வரியில் தங்கச்சி. அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மூன்றாவது வரி காலியாக இருந்தது. அதில் என் பெயரை எழுதினேன்.

நான் சித்தி பெற்ற பிள்ளை. வளர்ந்தது கடலூர் முதுநகரில், சித்தியின் அக்கா வீட்டில். அக்காவுக்குப் பிள்ளையில்லை. அவளைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறேன், இறந்துபோன அவள் கணவர்தான் அப்பா. பெற்றவர் எனக்குச் சித்தி. இது எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசியதில்லை. பேச வேண்டிய தேவையும் வரவில்லை, ஏனென்றால் எங்கள் முறையில் சித்தி பிள்ளையும் அண்ணன் தங்கச்சிதான், உடன்பிறந்தவர்களும் அண்ணன் தங்கச்சிதான். கூப்பிடுவதில் எதுவும் மாறவில்லை, ஒரே ஒரு இடத்தைத் தவிர.

சித்தி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“உன்னையும் போட்டுட்டியா? போடு, போடு. ஆளு ஜாஸ்தியா இருந்தாத்தான் நம்புவான்.”

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

ஏன் எழுதினேன் என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. ஏஜெண்ட் சொன்னது ஒரு காரணம். டெஸ்கில் இருந்தவனுக்குக் காலி இடம் கண்ணை உறுத்தும், அது இன்னொன்று. மூன்றாவதாக ஒரு காரணம் இருந்திருக்கலாம்.

விசா வந்தது. சித்தி போனார், மூன்று மாதத்தில் திரும்பினார். அடுத்த வருடம் மறுபடி போனார். இரண்டாம் முறை திரும்பி வந்தபோது, ஊரை விட்டு இவ்வளவு நாள் இருந்தவர் வீட்டைக் கண்டதும் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். கதவைத் திறந்ததும் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார்.

“மூணு மாசம் அங்க, ஒம்போது மாசம் இங்க. பூட்டுன ஊட்டத் தொறக்கறதும் ஒட்டட அடிக்கறதுமே ஒரு பொழப்பாப் போச்சி,” என்றார். பிறகு, ரகசியம்போல: “எனக்கு அங்க புடிச்சிருக்கு தம்பி.”

“பேரன் இருக்கான்ல.”

“பேரன் இருக்கான், சரி. அது இல்ல. டிராம்ல ஏறி கடைசி ஸ்டாப் வரைக்கும் போவேன். எறங்க மாட்டேன், அதுலயே திரும்பி வந்துருவேன். எங்க போறேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. இங்க பால் வாங்கப் போனாலே நாலு பேரு கேக்கறாங்க, எங்க தனியா கெளம்பிட்டீங்கன்னு.”

2008-இல் குளியலறையில் வழுக்கி விழுந்தார். காலை ஆறு மணிக்கு விழுந்தவரைப் பக்கத்து வீட்டுக்காரர் கண்டுபிடித்தபோது பதினொன்று. இடுப்பு எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தங்கச்சி அன்றிலிருந்து தினமும் போன் செய்தாள். பெண்ணாடம் குவார்ட்டர்ஸுக்கு வரச் சொன்னான் அண்ணன். அண்ணிக்கும் சித்திக்கும் ஒரே சமையலறையில் ஒரு வாரம் தாங்காது என்பதைச் சித்தியே சொன்னார், கோபமில்லாமல், பஸ் நேரம் சொல்வதுபோல. மெல்பர்னிலேயே நிரந்தரமாக இருக்க விண்ணப்பிப்பது என்று முடிவானது. அங்கே இருக்கும்போதே மாற்றிக்கொள்ள முடியாது, விசாவிலேயே அப்படி ஒரு நிபந்தனை அச்சாகியிருந்தது. இங்கிருந்துதான் போட வேண்டும்.

2009-இல் ஒரு நாள் நானும் அண்ணனும் சித்தியும் ஏஜெண்டின் அலுவலகத்துக்குப் போனோம். ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே முதல் மாடி. ஏஜெண்ட் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகக் கீழே குரல் கொடுத்தார். “மச்சான், நேத்து குடுத்தத ரெண்டு செட்டு போட்டு அனுப்புய்யா, எத்தினி தடவ சொல்றது.” பிறகு அண்ணனைப் பார்த்தார்.

“அம்மாவுக்கு மொத்தம் எத்தன பசங்க?”

“ரெண்டு,” என்றான் அண்ணன்.

ஏஜெண்ட் பழைய கோப்பைப் பிரித்தார். “இதுல மூணு இருக்குதே. மூணாவது யாரு?”

“நான்தான்,” என்றேன்.

“நீங்க அக்கா பையன்னு இல்ல சார் சொன்னாங்க?”

ஏஜெண்ட் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் விதியை விளக்கினார். பெற்றவரை அங்கே நிரந்தரமாக விட வேண்டுமானால் பிள்ளைகளில் குறைந்தது பாதிப் பேர் அங்கே இருக்க வேண்டும். இரண்டு பிள்ளை என்றால் ஒன்று அங்கே, ஒன்று இங்கே, பாதி வந்துவிடும். மூன்று என்றால் இரண்டு பேர் இங்கே, வராது.

“அன்னிக்கி இங்க ஆளு காட்டணும்னீங்க,” என்றேன்.

“அன்னிக்கி காட்டணும் சார். இன்னிக்கி காட்டக் கூடாது.”

அண்ணன் சிரித்தான். “பேப்பர்ல எல்லாரையும் வெட்டுவ. உன்னைய வெட்டணும்னு தோணலையாடா?”

சித்தி சுவரில் மாட்டியிருந்த உலக வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வழி இருந்தது. சட்டப்படி தத்துக் கொடுத்துவிட்ட பிள்ளை கணக்கில் வராது. பத்திரம் இருக்கிறதா என்று ஏஜெண்ட் கேட்டார். இல்லை. என் பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் அம்மா அப்பா பெயர்களுக்கு நேராக முதுநகர் வீட்டாரின் பெயர்கள்தான். பள்ளியில் சேர்க்கும்போது சொன்ன பெயர்கள், அப்படியே தொடர்ந்து வந்தவை. நான் சித்தியின் பிள்ளை என்று சொல்லும் காகிதம் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை எழுதியவன் நான்.

“தெரியாம எழுதிட்டோம்னு ஒரு லெட்டர் போட்டுருங்க சார்,” என்றார் ஏஜெண்ட்.

அதாவது ஒரு திருத்தம். நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். இன்ன தேதி இதழில் இப்படி வந்துள்ளது, இவ்வாறு திருத்தி வாசிக்கவும். இரண்டு பகுதி. எது தவறு, எது சரி. அன்று மாலை கடலூர் பஸ்ஸில் முதல் பகுதியை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். புதுச்சத்திரம் தாண்டியும் இரண்டாவது பகுதி வரவில்லை.

கடலூர் நீதிமன்றத்தில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். பத்திரம் இல்லாவிட்டால் பரவாயில்லை என்றார். “கொடுத்தது, வாங்குனது. அது நடந்திருக்கணும். நாலு பேரு முன்னால யாரு கையால யாரு கையில குடுத்தாங்க, எந்த எடத்துலன்னு கேட்டுக்கிட்டு வாங்க.” செய்தி சேகரிப்பதுபோலத்தான் இருந்தது. யார், எங்கே, எப்போது. என் வாழ்க்கையில் நான் கேட்காமல் விட்ட ஒரே செய்தி.

முதலில் அம்மாவிடம் கேட்டேன். முதுநகர் வீட்டின் பின்பக்கம் காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். சித்தியின் விசாவில் ஒரு சிக்கல் என்று ஆரம்பித்து, விதியைச் சொல்லி, கடைசியில் கேட்டேன்: “என்னை யாரு உன் கையில குடுத்தா?”

அம்மா நிமிரவில்லை. “யாரு குடுத்தா? நான் தூக்கிட்டு வந்தேன்.”

“எப்படி?”

“அவளுக்கு மஞ்சக்காமால. புள்ள பெத்து மூணு வாரந்தான் இருக்கும். பாலு குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. பத்து நாளைக்கு நான் வச்சிக்கறேன்னு ரயிலேத்தித் தூக்கியாந்தேன்.”

“பத்து நாளா?”

“பத்து நாளுன்னுதான் சொன்னேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்னா. மழ வந்துச்சி, ஒடம்பு தேற அவளுக்கும் நாளாச்சி. அதுக்குள்ள நீ ஆளப் பாத்து சிரிக்க ஆரம்பிச்சிட்ட.” மீன் சட்டியை நகர்த்தினாள். “இத போயி விசாக்காரனுக்கு எழுதுவாங்களா?”

அவ்வளவுதான் அவள் சொன்னது. அதற்கு மேல் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. மற்றவர்களிடம் மூன்று முறை கேட்கிறவன் நான்.

அடுத்த ஞாயிறு சிதம்பரத்தில் சித்தியிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் தயாராக இருந்ததுபோலப் பதில் வந்தது.

“நான்தான் குடுத்தேன். இதே கூடத்துலதான். மஞ்சத் துணில வச்சி அக்கா மடில குடுத்தேன். உங்க சித்தப்பா நின்னாரு, எங்க அப்பா நின்னாரு. இனிமே இவன் உன் புள்ளக்கான்னு வாயால சொன்னேன்.”

“அம்மா பத்து நாளைக்குத் தூக்கிட்டுப் போனேங்கறாங்க.”

“அக்காவுக்கு மறதி ஜாஸ்தி.”

அம்மாவுக்கு மறதி கிடையாது. நாற்பது வருடத்துக்கு முந்தைய புடவையின் நிறம் சொல்வாள். சித்தி பொய் சொல்பவரும் அல்ல. ஆனால் ஒரு விசா அந்தப் பதிலைத்தான் விரும்பியது. சித்தி சொன்ன சாட்சிகள் இருவரும் உயிரோடு இல்லை. மூன்றாவதாக ஓர் ஆள் அந்த வீட்டில் இருந்தது நினைவுக்கு வந்து அண்ணனுக்கு போன் செய்தேன். அவனுக்கு அப்போது ஆறு வயது.

“எனக்கு ஒண்ணுந்தான் ஞாபகம் இருக்கு,” என்றான். “பெரியம்மா எனக்கு ஒரு பொட்டலம் பிஸ்கட்டு குடுத்துச்சி. முழுப் பொட்டலம். அப்பவே நெனச்சேன், என்னமோ பெருசா எடுத்துக்கிட்டுப் போவுதுன்னு.”

இரண்டு தரப்பு, இரண்டு விவரம், உறுதிசெய்ய ஒரு பிஸ்கட் பொட்டலம். இப்படி ஒரு செய்தி என் மேசைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஏஜெண்ட் காத்திருக்கவில்லை. சித்தி சொன்னதை மட்டும் ஆங்கிலத்தில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒரு பிள்ளை கைக்குழந்தையிலேயே அக்காவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டது என்று விண்ணப்பத்தை அனுப்பினார். அம்மாவிடம் கையெழுத்து கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் நான்தான். கேட்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை. அந்த இடைவெளியில் சித்தி எங்கும் போகவில்லை. விண்ணப்பம் இருக்கும்போது போகலாமா கூடாதா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். சூட்கேஸ் ஒன்று கட்டிலுக்கடியில் பாதி அடுக்கியபடியே இருந்தது.

2011 முடியும் தறுவாயில் புயல் அடித்தது. செய்தியில் அதற்கு ஒரு பெயர் இருந்தது. எங்களுக்கு வெறும் புயல். மின்சாரம் போனது, செல்போன் கோபுரங்கள் நின்றன. நான் காலையிலிருந்து மாலைவரை எண்ணிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். கூரை எத்தனை, பலா மரம் எத்தனை, மின்கம்பம் எத்தனை. ஒரே ஊருக்கு மூன்று அலுவலகங்களில் மூன்று எண் சொன்னார்கள். ஆறாம் நாள் அண்ணன் பைக்கில் முதுநகருக்கு வந்தான். சட்டைப்பையில் நான்காக மடித்த ஒரு தாள். புயலுக்கு முன்பே ஏஜெண்டுக்கு வந்த மின்னஞ்சல்.

பழைய விசிட்டர் விசா படிவத்தில் மூன்றாவது பிள்ளையாகக் காட்டப்பட்டவர் தத்துக் கொடுக்கப்பட்டதாக இப்போது சொல்லியிருக்கிறீர்கள். தத்து எடுத்தவர் உயிரோடு இருந்தால் அவருடைய வாக்குமூலம் வேண்டும். இருபத்தெட்டு நாள். அதில் பதினொன்று போய்விட்டது.

“தம்பி, நான் பேசமாட்டேன். பெரியம்மாகிட்ட நீயே பேசு,” என்று சொல்லிவிட்டு அண்ணன் தெருமுனைக்கு டீ குடிக்கப் போனான். அங்கே டீக்கடை இல்லை, புயலில் போயிருந்தது. அவனுக்கும் அது தெரியும்.

பின்பக்கம் முருங்கை வேரோடு சாய்ந்து கிடந்தது. அம்மா அதன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கீரை உருவிக்கொண்டிருந்தாள். தெருவுக்கே கொடுத்தும் தீரவில்லை. நானும் ஒரு கிளையை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தாளில் இருந்ததைத் தமிழில் சொன்னேன்.

“நான் என்னா எழுதிக் குடுக்கணும்?”

“சித்தி உன் கையில குடுத்தாங்க, நீ வாங்கிக்கிட்டன்னு.”

“அதுல கையெழுத்துப் போட்டா நீ யாரு புள்ளன்னு வரும்?”

“உன் புள்ளன்னு.”

“அத இப்பதான் எழுதிக் காட்டணுமா?”

நான் கிளையைத் திருப்பிப் போட்டேன். அவள் ஒரு காம்பை முழுவதுமாக உருவி முடித்தாள்.

“போடாட்டி?”

“சித்தி போக முடியாது. இங்கதான் தனியா இருக்கணும்.”

“நெஜம் என்னான்னு நான் உனக்குச் சொல்லிட்டேன். அதுக்கு மேல நீ பேப்பர்காரன்.”

“அதனாலதான் கேக்கறேன். பொய்யா இருந்தா வேணாம்.”

அப்படிச் சொன்னேனே தவிர, அவள் போட மாட்டேன் என்றால் எனக்கு நிம்மதியாக இருக்குமா, போடுகிறேன் என்றால் நிம்மதியாக இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. போட மாட்டாள் என்றால் நான் சித்தியின் பிள்ளை, சித்தி குளியலறையில் விழுந்து கிடப்பார். போட்டால் நான் இந்த வீட்டுப் பிள்ளை, இத்தனை நாள் இருந்ததைப் போலவே. ஆனால் மூன்றாவது வரி பொய்யாகிவிடும்.

அம்மா கை நிறைய இலையை முறத்தில் போட்டாள்.

“பத்து நாளுன்னுதான் தூக்கியாந்தேன். பதினோராம் நாளு வருவா, வருவான்னு வாசலப் பாத்துக்கிட்டே கெடந்தேன். ரயிலு சத்தம் கேட்டா ஒன்னத் தூக்கிக்கிட்டுப் பின்பக்கம் போயிருவேன். மாசம் கழிச்சி வந்தா. ஒன்னத் தூக்குனா, கொஞ்சுனா, சாய்ங்காலம் ரயிலுக்குப் போயிட்டா. அப்படியே எத்தினியோ தடவ வந்துட்டா. ஒரு தடவ கூட புள்ளையக் குடுன்னு கேக்கல.” முறத்தைத் தட்டினாள். “அப்ப குடுத்ததாத்தான அர்த்தம்? எழுது. எங்க போடணும்?”

மூன்றாம் நாள் மஞ்சக்குப்பத்தில் நோட்டரி முன்னால் போட்டாள். ஜெனரேட்டர் சத்தத்தில் நோட்டரி கத்திக் கத்திப் படித்தார். ‘முழு மனதோடு கொடுக்க, முழு மனதோடு பெற்றுக்கொண்டு’ என்ற இடத்தில் அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“முழு மனசுன்னு அவளுக்கு எப்படிப் போட்டீங்க? அவகிட்ட கேட்டீங்களா?”

“எல்லாத்துலயும் அப்படித்தாம்மா போடுவோம்,” என்றார் நோட்டரி.

“எனக்கு முழு மனசு. அது சரி,” என்று சொல்லிவிட்டுத் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

2012 நடுவில் சித்திக்கு நிரந்தர வசிப்புரிமை கிடைத்தது. கட்டிலுக்கடியில் இருந்த சூட்கேஸை முழுவதும் பிரித்து, மறுபடி முதலிலிருந்து அடுக்கினார். விமானத்துக்கு முதல்நாள், சென்னை போகும் கார் முதுநகர் வழியாகப் போகட்டும் என்று சொல்லி எங்கள் வீட்டில் இறங்கினார். அக்காவும் தங்கையும் உள்ளே அரைமணி நேரம் இருந்தார்கள். வாசலில் நானும் அண்ணனும் நின்றோம். பேச்சுச் சத்தம் கேட்டது, என்ன பேச்சு என்று கேட்கவில்லை. வெளியே வந்தபோது சித்தியின் கையில் ஊறுகாய் பாட்டில். “இத உட மாட்டான், அந்த ஏர்போட்டுக்காரன்,” என்று சொல்லிக்கொண்டே பையில் வைத்தார்.

அவர் போய் ஒரு மாதம் கழித்து ஒரு மதியம் போன் வந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி, இங்க டாக்டரு புதுசா பேரு பதியறான். தங்கச்சிதான் கேட்டுக் கேட்டுச் சொல்றா. எத்தன பிரசவம்னான். மூணுன்னேன்.”

“சரி.”

“மூணு பேரும் நல்லா இருக்காங்களான்னான். நல்லா இருக்காங்கன்னேன். எங்க இருக்காங்கன்னான். அதெல்லாம் டாக்டருக்கு எதுக்கோ. ஒருத்தி இங்க, ஒருத்தன் பெண்ணாடத்துலன்னேன்.”

“அப்புறம்?”

“ஒருத்தன அக்காகிட்ட உட்டு வச்சிருக்கேன்னேன்.”

நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்காவும் தங்கையும் தனித்தனியே கையெழுத்துப் போட்ட வாக்குமூலங்களின் நகல் என் அலமாரியில் இருந்தது. அதைப் பற்றிக் கேட்கலாமா என்று யோசிப்பதற்குள் அவர் டிராமைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்.

“என்னா சொல்றா?” என்று அம்மா கேட்டாள்.

“டாக்டர்கிட்ட போனாங்களாம். நல்லா இருக்காங்களாம்.”

“அவளுக்கென்ன,” என்று சொல்லி அம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.